எல்லார் மெஷினிலும் சென்னியப்பன்

"நாலு வழி இருக்குது மெஹரு. இதுல எது ஒசத்தின்னு நீயே சொல்லு. நீ சொன்னாத்தான் மாடில இருக்கறவனுக வாயை மூடுவானுக."

கேட்டவர் சென்னியப்பன். கோயமுத்தூரில் நூற்பாலைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிற ஒரு கம்பெனியில் டீம் லீடர். கம்பெனி பூசை போட்ட நாளிலிருந்து இருக்கிறவர். வேலையில் புலி. கோபத்திலும் அதே புலிதான்.

கேட்கப்பட்டவள் மெஹருன்னிசா. கீழ்த்தளத்தில், ஜெனரேட்டர் ரூமுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து பில்டு மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவள். ஒரு காலத்தில் சென்னியப்பனிடம்தான் டிரெயினியாகச் சேர்ந்தாள். இப்போது யாருக்கு எங்கே முட்டிக்கொண்டாலும் படியிறங்கி அவளிடம்தான் வருவார்கள். அவள் நீட்டி முழக்கிப் பதில் சொல்ல மாட்டாள். ஏதோ ஒன்றைச் செய்யச் சொல்லி அனுப்பிவிடுவாள். போனவருக்கு மாடிப்படி ஏறும்போதுதான் உறைக்கும்.

சென்னியப்பன் மட்டும் இதுவரை இறங்கினதில்லை. தான் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்த பெண்ணிடமே போய்ச் சந்தேகம் கேட்பதாவது! மானம் மரியாதை என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?

இன்றைக்கு இறங்கிவிட்டார்.

"எதுக்கு சார் நாலு வழி?" என்றாள் மெஹருன்னிசா.

"பில்டு ஃபைல்ல பாத் எழுதறதுக்கு."

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து எழுதியதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, மில்லில் ஓடக்கூடிய ஒரே சரக்காக ஆக்குவதற்குப் பெயர் பில்டு. அதற்கென்று ஒரு ஃபைல் உண்டு. எந்தச் சாமான் எங்கே கிடக்கிறது, எடுத்து எதோடு சேர்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். சமையலுக்கு மிளகாய்த்தூள் எந்த டப்பாவில் என்று சொல்லிவைக்கிற மாதிரிதான். அந்த இடத்தின் விலாசத்துக்குப் பெயர் பாத். அதை எப்படி எழுதுவது என்பதில்தான் மாடியில் அடிதடி.

சென்னியப்பன் விரலை மடக்கினார்.

"முழு விலாசத்தையும் எழுதறது ஒண்ணு. மேல ஆரம்பிச்சு, இன்ன ஃபோல்டர், அதுக்குள்ள இன்ன ஃபோல்டர்னு கடைசி வரைக்கும்."

"ம்."

"நிக்கற எடத்துல இருந்து ரெண்டு படி மேல ஏறு, அப்புறம் ஒரு படி கீழ எறங்குன்னு எழுதறது இன்னொண்ணு. நின்ன எடம் மாறுச்சுன்னா அதோகதி."

"ம்."

"என்னோடது மூணாவது. விலாசத்தை ஒரே ஒரு எடத்துல எழுதி, அதுக்கு ரூட்டுன்னு ஒரு வேரியபிள் பேரு குடுத்தாச்சு. மத்த எல்லா எடத்துலயும் ரூட்டு, ரூட்டு, ரூட்டு. சுத்தமா இருக்கும். இத்தனை வருசமா ஓடுது. ஒரு நாளு நின்னதில்ல."

"நாலாவது?"

சென்னியப்பனின் முகம் சுருங்கியது.

"அந்த ஃபைலே தான் எங்க கெடக்கறோம்னு கண்டுபுடிச்சு, அங்கிருந்து மத்ததைக் கணக்குப் பண்ணிக்கணுமாம். நம்ம எதையும் சொல்ல வேண்டாமாம்."

"நல்லாத்தானே இருக்குது. யாரு சொன்னாங்க?"

"புதுசா சேர்ந்துச்சே நிரஞ்சனான்னு ஒரு புள்ள, அது. முளைச்சு மூணு எல விடல, ரூட்டை மாத்தணுமாம்!"

மெஹருன்னிசா நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து ஈரோட்டு மில்லுக்குப் போக வேண்டிய பில்டு," என்றார் சென்னியப்பன். "அதோட மெஷின்ல போடச் சொன்னேன். ஓடல. எல்லாரு மெஷின்லயும் ஓடுது, அந்தப் புள்ள மெஷின்ல மட்டும் ஓடல. மில்லுக்காரங்க போன் மேல போன். ஏம்மான்னு கேட்டா, 'சார், எரர்ல உங்க பேரு வருது'ங்குது. எப்படி இருக்குது பாரு! தப்பைப் பண்ணிப்போட்டு என் பேரை இழுக்குது. நல்லா வாங்கிக் கட்டிக்கிச்சு. அத்தனை பேரு முன்னாலயும் சொல்லிட்டேன், உனக்கெல்லாம் எதுக்கும்மா இந்த வேலை, ஊருக்குப் போய் மாடு மேய்னு."

"ஸ்கிரீனைப் பாத்தீங்களா சார்?"

"அதுல பாக்கறதுக்கு என்ன இருக்குது? மத்த எல்லாரு மெஷின்லயும் ஓடுதல்ல?"

"இப்ப அந்தப் பொண்ணு?"

"புரொபேஷன்தானே. முடிச்சு அனுப்பிருங்கன்னு ஹெச்ஆருக்கு எழுதிட்டேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் லூர்து மேரி கூப்புட்டுச் சொல்லிருவாங்க."

மாடு மேய்க்கச் சொன்னபோது அந்தப் பெண் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதெல்லாம் கெடக்கட்டும். எது ஒசத்தி, சொல்லு."

மெஹருன்னிசா எழுந்து போய் மூலையிலிருந்த ஒரு மெஷினை இழுத்து மேஜைமேல் வைத்தாள். அன்று காலையில்தான் அட்டைப்பெட்டியைப் பிரித்திருந்தாள். அதில் இன்னும் ஒருவர் பெயரும் ஏறவில்லை.

"இதுல உங்க பில்டைப் போடுங்க சார்."

"இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"போடுங்க."

சரி, இவள் சமாச்சாரம் இப்படித்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டு சென்னியப்பன் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். பில்டைத் தட்டினார்.

நின்றுவிட்டது.

ஸ்கிரீனில் ஒரே ஒரு வரி. 'ஹோம், அதற்குள் சென்னியப்பன், அதற்குள் மில்: அப்படி ஒரு ஃபோல்டர் இங்கே இல்லை.'

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். கண்ணாடியில் ஒரு கோளாறும் இல்லை.

"நான் வேரியபிள்தானே வச்சேன்!"

"ஆமாங்க சார்."

"அப்புறம் என்ன?"

"வேரியபிளுக்குள்ள என்ன வச்சீங்க?"

சென்னியப்பன் ரூட்டைத் திறந்து பார்த்தார். திறந்து எத்தனை காலம் ஆயிற்றோ. கம்பெனியில் அவர் ஒருவர் மட்டும் இருந்தபோது, அவர் மெஷினில், அவர் கையால் எழுதியது. ஹோம், சென்னியப்பன், மில். எந்த மெஷினிலும் ஹோமுக்குள் அந்த மெஷின்காரர் பெயரில்தான் ஃபோல்டர் இருக்கும். இது அவருடைய மெஷினில் மட்டுமே இருக்க வேண்டியது.

"என் பேரை," என்றார்.

அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

பிறகு சட்டென்று பிடித்துக்கொண்டார். "இல்லையே! அப்படின்னா மத்தவங்க மெஷின்ல எப்படி ஓடும்? தண்டபாணி மெஷின்ல ஓடுது. ஷர்மிளா மெஷின்ல ஓடுது. எல்லாருக்கும் ஓடுதே!"

"மேல போய்ப் பாருங்க சார்."

சென்னியப்பன் மேலே போனார்.

தண்டபாணி பில்டு போட்டுக்கொண்டிருந்தான். அவன் இந்த டீமில் மெஹருன்னிசாவுக்கு அடுத்து வந்தவன். சென்னியப்பனைப் பார்த்ததும் பாதி எழுந்தான்.

"உக்காரு. உன் மெஷின்ல ஹோம் ஃபோல்டரைத் திற."

தண்டபாணியின் முகத்தில் ஈயாடவில்லை.

"திறப்பா."

திறந்தான். இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. ஒன்று தண்டபாணி. இன்னொன்று சென்னியப்பன்.

"இது எதுக்கு?"

"அது... சும்மா சார்."

சென்னியப்பன் ஷர்மிளாவின் சீட்டுக்குப் போனார். அங்கேயும் இரண்டு. ஷர்மிளா, சென்னியப்பன். ஜன்னலோரம் இருந்தவனிடம் போனார். அங்கேயும் சென்னியப்பன். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளிடம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அவர் வருவதைப் பார்த்து அவளே திறந்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

எல்லார் மெஷினிலும் அவர் இருந்தார்.

திரும்பத் தண்டபாணியிடம் வந்தார்.

"யாரு போடச் சொன்னது இதை?"

"யாரும் சொல்லல சார். சேர்ந்த அன்னிக்கே எல்லாரும் போட்டுக்கறதுதான். அதுல மில்லுன்னு ஒரு ஃபோல்டர் போட்டு எல்லாத்தையும் உள்ள கொண்டாந்து வச்சா, பில்டு ஓடிரும்."

"இதுக்கு ஏதாச்சும் பேரு வச்சிருக்கீங்களா?"

தண்டபாணி ஷர்மிளாவைப் பார்த்தான். ஷர்மிளா கீபோர்டைப் பார்த்தாள்.

"சொல்லு. கோவிச்சுக்க மாட்டேன்."

"சாமி வைக்கறதுன்னு சொல்லுவோம் சார்."

"என்னது?"

"புதுசா ஆளு வந்தா, 'சாமி வச்சாச்சா'ன்னு கேப்போம். வச்சாச்சுன்னா வேலையை ஆரம்பிக்கலாம்னு அர்த்தம்."

சென்னியப்பனுக்குக் காது மடல் சுட்டது. வருஷக்கணக்காக இந்த ஹாலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்திருக்கிறார். ரூட்டு ஒரு நாளும் நின்றதில்லை என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றியிருக்கிறார். ஓட வைத்தது ரூட்டு இல்லை. இவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து, அவருக்குத் தெரியாமல், அவரைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் சிரித்தும் இருக்கிறார்கள். சிரித்ததுகூடப் பரவாயில்லை. பொறுத்துக்கொண்டதுதான் தாங்கவில்லை.

"ஏம்ப்பா எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு..."

"வருத்தமா, கோபமா?"

"ரெண்டும்தான் சார்."

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று ஒரு ஹாலே காத்திருந்திருக்கிறது. பூனையோ தன்னைப் புலி என்று நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறது.

"உனக்கு இதை யாரு சொல்லிக் குடுத்தா?"

தண்டபாணி தயங்கினான். "மெஹரு அக்கா."

படியிறங்கப் போகும் வழியில்தான் நிரஞ்சனாவின் சீட்டு. அவள் இருந்தாள். டிபன் பாக்ஸையும் சார்ஜரையும் ஏற்கெனவே பைக்குள் வைத்துவிட்டாள். எப்படியோ தெரிந்துபோயிருக்கிறது. இந்த ஆபீசில் யாருக்கு எது தெரியாமல் இருக்கும், அவர் ஒருவரைத் தவிர?

அவள் ஸ்கிரீனில் நேற்றைய வரி அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஹோம், சென்னியப்பன், மில். அப்படி ஒரு ஃபோல்டர் இங்கே இல்லை.

எரர்ல உங்க பேரு வருது சார். பாவம், உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள். ஒரு எட்டு வைத்து எட்டிப் பார்த்திருந்தால் நேற்றே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. மாடு மேய்க்கச் சொன்னார். சென்னியப்பனுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது என்று இருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் விறுவிறுவென்று கீழே இறங்கினார்.

"நீதானா?" என்றார்.

மெஹருன்னிசாவுக்கு எதைக் கேட்கிறார் என்று புரிந்தது.

"ஆமாங்க சார். மொத ஃபோல்டர் நான் போட்டது."

"நீயாச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னேன் சார்."

"எப்போ?"

"சேர்ந்த வாரமே. 'சார், ரூட்டுக்குள்ள உங்க ஃபோல்டர் இருக்குது, எனக்கு ஓடல'ன்னேன். 'வந்து உக்காந்த சேரு சூடாகல, அதுக்குள்ள ரூட்டுல கை வைக்கறியா'ன்னீங்க. எல்லாரும் இருந்தாங்க. நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுட்டு வந்து, உங்க பேருல ஒரு ஃபோல்டர் போட்டேன். ஓடுச்சு."

சென்னியப்பன் யோசித்தார். எவ்வளவு யோசித்தும் அப்படி ஒரு நாள் நினைவுக்கு வரவில்லை. ஒரு பெண்ணை அழ வைத்திருக்கிறார், அது அவருக்கு ஞாபகம்கூட இல்லை. அடித்தவன் மறந்துவிடுவான், பட்டவன் மறக்க மாட்டான் என்பது சும்மாவா?

"எனக்கு நெனப்பே இல்லையே கண்ணு," என்றார்.

"தெரியுங்க சார்."

"அதுக்கப்புறமாச்சும்... இத்தனை வருசம் இருந்துச்சே."

"இருந்துச்சு." மெஹருன்னிசா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "தண்டபாணி சேர்ந்தப்போ, நான் பட்ட பாட்டை அவன் பட வேண்டாம்னு சொல்லிக் குடுத்தேன். ஒரு நிமிஷத்துல அவனுக்கு ஓடிருச்சு. அக்கா, நீங்க தெய்வம்னான். எனக்குப் பெருமையா இருந்துச்சு சார். புத்திசாலித்தனம்னு நெனச்சேன்."

சென்னியப்பன் அந்தப் புது மெஷின் முன்னால் உட்கார்ந்தார். ரூட்டுக்குள் இருந்த தன் பெயரை அழித்தார். நாலாவது வழியை எழுதினார். ஃபைல் தான் கிடக்கும் இடத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். யார் பெயரும் வேண்டியதில்லை. எழுதினது ஒரே வரி. ஒரு வரிக்கா இத்தனை பாடு!

பில்டைத் தட்டினார். நிற்காமல் ஓடி முடிந்தது.

அவருக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் புத்தியும் வந்தது. பழைய புத்தி.

"மெஹரு, இப்ப எல்லாரு மெஷின்லயும் ஓடும். பிரச்சினை தீர்ந்துது. நான் லூர்து மேரிகிட்டப் பேசிடறேன். சின்னப் புள்ள, ஏதோ தெரியாமப் பண்ணிருச்சு, போனாப் போகுது, இன்னொரு சான்ஸ் குடுக்கலாம்னு. அந்தப் புள்ளைக்கும் வேலை தங்கும். எனக்கும்... இதைப் போய் எல்லாருக்கும் சொல்லிட்டு இருக்க வேண்டியதில்லை. என்ன சொல்ற?"

மெஹருன்னிசா ஸ்கிரீனைக் காட்டினாள்.

"ரூட்டுக்குள்ள இன்னும் உங்க பேருதான் சார் இருக்குது."

"இல்லையே, இப்பத்தானே எடுத்தேன்!" என்று சென்னியப்பன் குனிந்து பார்த்தார். வரி சுத்தமாக இருந்தது. தேடினார். எங்கேயும் அவர் பெயர் இல்லை.

"எங்க இருக்குது?"

அவள் மேலே கைகாட்டினாள்.

சென்னியப்பனுக்கு மாடிப்படி ஏறுகிற வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. செய்த தப்பை அந்தப் பெண் தலையில் கட்டி, மன்னித்த புண்ணியத்தையும் தானே வாங்கிக்கொள்ளப் பார்த்தாரே!

எழுந்தார்.

"நானும் வரேன் சார்," என்றாள் மெஹருன்னிசா.

மேலே சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. லூர்து மேரி ஒரு காகிதத்தோடு நிரஞ்சனாவின் சீட்டுப் பக்கம் வந்து நின்றாள். நிரஞ்சனா எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். ஹாலில் ஒருவரும் நிமிரவில்லை. எல்லாரும் மும்முரமாக எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் இருங்க மேரி," என்றார் சென்னியப்பன்.

அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள்.

கத்துவதென்றால் அவருக்கு ஒரு நாளும் வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததில்லை. இப்போது நெஞ்சுக்குள் தேடித் தேடிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து பில்டு நின்னது என்னாலதான்," என்றார். "ரூட்டுக்குள்ள என் ஃபோல்டரை எழுதி வச்சிருந்தேன். அது என் மெஷின்ல மட்டும்தான் ஓடும். உங்க மெஷின்ல எல்லாம் ஓடுதுன்னா, நீங்க சாமி வச்சதால."

யாரோ மூச்சை இழுத்துக்கொண்டார்கள்.

"இந்தப் புள்ள உள்ளதைச் சொல்லுச்சு. நான் ஸ்கிரீனைக்கூடப் பாக்காம, உங்க எல்லாரு முன்னாலயும் கேவலமாப் பேசினேன். அதனால உங்க எல்லாரு முன்னாலயும் சொல்றேன்." நிரஞ்சனா பக்கம் திரும்பினார். "எனக்கு வெக்கமா இருக்குதும்மா. மன்னிச்சுக்க."

லூர்து மேரி அந்தக் காகிதத்தை நாலாக மடித்தாள்.

"அப்போ இது வேண்டாங்களா சார்?"

"வேண்டாங்க. நான் எழுதினது தப்புன்னு எழுதித் தர்றேன். அந்தப் புள்ள இங்கதான் இருக்கும். அதுக்கு இருக்கப் பிடிச்சா."

லூர்து மேரி போய்விட்டாள். தண்டபாணி குனிந்த தலை நிமிரவில்லை. ஷர்மிளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவமானம் சென்னியப்பனோடு நிற்கவில்லை. ஹால் பூராவும் ஆளுக்குக் கொஞ்சம் போய்ச் சேர்ந்தது. நேற்று இந்தப் பெண் திட்டு வாங்கியபோது, காரணம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தவர்கள்தானே எல்லாரும்?

சென்னியப்பனுக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏங்கண்ணு, உனக்கு யாரும் சொல்லலையா? என் பேருல ஒரு ஃபோல்டர் போடச் சொல்லி?"

"சொன்னாங்க சார்," என்றாள் நிரஞ்சனா. "சேர்ந்த அன்னிக்கே சொன்னாங்க. நேத்துக்கூட, நீங்க திட்டிட்டு இருக்கறப்போ, தண்டபாணி அண்ணன் கையைக் காட்டினாங்க. இப்பவாச்சும் போட்டுருன்னு."

"போட்டிருந்தா ஒரு நிமிஷத்துல ஓடியிருக்குமே! இந்தப் பேச்செல்லாம் வாங்கியிருக்க வேண்டாமே. ஏன் போடல?"

மெஹருன்னிசா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போட்டிருந்தா," என்றாள் நிரஞ்சனா, "எனக்கு அடுத்து வர்றவங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கணுமே சார்."